சம்பந்தியின் இடது பக்கம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. அதனால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப் போவதைக் கேட்டு, இவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று யாரும் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது.

பதினான்கு வயதில் சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனேன். இருபத்தெட்டு வயதில் அதே ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை போட்டேன். கூட நின்று கை கொடுக்க அண்ணன் தம்பி கிடையாது. கடை போட்ட மூன்றாம் வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் கல்லாகிப் போயிற்று. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான் என்று ஊரே பார்த்தது. நான் உட்காரவில்லை. மறுபடியும் கடையை எழுப்பினேன். வீடு கட்டினேன். கல்யாண மண்டபம் கட்டினேன். வாய்க்காலைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போக ஒரு சின்னப் பாலம் கட்டிக் கொடுத்தேன். பையனைப் பொறியியல் படிக்க வைத்து, பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் பெண் எடுத்தேன். மூட்டை தூக்கியவன் வாத்தியார் வீட்டில் சம்பந்தம் செய்வது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை.

கல்லாகிப் போன அந்தச் சிமெண்ட் மூட்டைகளையும் நான் வீணாக்கவில்லை. வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டு போய், படித்துறைக்கு மேலே மருத மரத்துக்கு அடியில் அடுக்கி, அதன்மேல் ஒரு தளம் போட்டேன். முப்பது அடிக்கு இருபது அடி. மட்டம் பார்த்தது நான், கரணை பிடித்துப் பூசியதும் நான். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு விரிசல் விழவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளங்கள் அதன்மேல் ஏறி இறங்கிப் போயின. தளம் அப்படியே இருக்கிறது.

அந்தத் தளத்தில்தான் நான் தினமும் காலையில் தலைகீழாக நிற்பேன். ஆலையில் கூட வேலை செய்த ஒருவர், முதுகுவலிக்கு நல்லது என்று பழக்கிவிட்டார். மூட்டை சுமந்த கழுத்து அல்லவா, ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. கால்மணி நேரம் ஆடாமல் அசையாமல் நிற்பேன். குளிக்க வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பைய ஒருவர் இருவராகச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஆனோம். ஓய்வு பெற்ற கண்டக்டர், டீக்கடைக்காரர், இரண்டு விவசாயிகள், கோயில் பக்கத்துத் தெருவில் ஓர் ஐயர் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோருக்கும் நான்தான் பழக்கினேன். யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. அந்த நம்பிக்கைதான் பின்னால் வந்து என் காலை வாரியது.

என் சம்பந்தி, அதாவது மருமகளின் தகப்பனார், மனைவி இறந்த பிறகு பாளையங்கோட்டையில் தனியாகக் கிடந்தார். சோறு பொங்கத் தெரியாது. வெந்நீர் வைப்பார், அவ்வளவுதான். "எங்க வீட்டுக்கு வாங்க" என்று நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவர் லேசில் சம்மதிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் தகப்பன் ஒரு வாய் காப்பி குடிக்கவே யோசிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அங்கேயே போய்த் தங்குவது என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மூன்று தடவை போனேன். நாலாவது தடவை காரை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டேன். அவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.

பெட்டியோடு ஒரு சின்ன சொட்டு மருந்துக் குப்பியும் வந்தது. அதை எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணில் அழுத்தம் இருக்கிறதாம். ரத்தக் கொதிப்பு மாதிரி கண்ணுக்கும் ஓர் அழுத்தம் உண்டாம். அது கூடினால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு நைந்து போகுமாம். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். போனது திரும்பாது. அவர் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி எனக்கு விளக்கினார். நான் காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சம்பந்தி, எங்க பொறப்பட்டாச்சு?" என்றேன்.

"டாக்டரம்மா காலையில முக்கா மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்காவ, அண்ணாச்சி."

"நடக்கதெல்லாம் ஒரு தேகப்பயிற்சியா? எதுத்த வீட்டு எருமையும்தான் தெனமும் களக்காட்டு ரோடு வரைக்கும் நடந்துட்டு வருது. அதுக்கு என்ன பலம் வந்துட்டுது?"

அவர் சிரித்தார். "வேகமா நடந்தா கண்ணு அழுத்தம் கொஞ்சம் கொறையுமாம்."

"எங்கூட வாங்க. தலைகீழா நின்னா ரத்தம் நேரா கண்ணுக்குப் பாயும். நரம்பு செத்துப் போச்சுன்னு சொல்லுதியள்லா, தண்ணி பாயாத வயலு காஞ்சுதான் கெடக்கும். மடையத் தொறந்துவிட்டாச் சரியாப் போவும்."

அவர் வாயைத் திறந்தார். என்னமோ சொல்லப் போகிறார் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் அவர் தோளில் கை போட்டு ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் துண்டை நாலாக மடித்து அவருக்காகத் தளத்தில் விரித்தேன்.

அறுபத்து நாலு வயதில் ஒருவருக்குத் தலைகீழாக நிற்கப் பழக்குவது லேசு இல்லை. இரண்டு மாதம் நான் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்பீஸ் பிடித்த ஆளுக்குக் கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணக் குடுத்தவன்தான் மாப்பிள்ள வீட்டாரு காலப் பிடிப்பான். மாப்பிள்ளைக்கு அப்பன் சம்பந்தி காலப் பிடிச்சு இன்னைக்குத்தான் பாக்கேன் அண்ணாச்சி."

தலைகீழாக நின்றபடியே சம்பந்திக்குச் சிரிப்பு வந்து கால் ஆடியது. "பேசாம இரும்வே, சார்வாள் விழுந்திருவாவ" என்று கண்டக்டரை அதட்டினேன். தளத்தில் எல்லோரும் அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கிடைத்த மரியாதை அவருக்கு இங்கேயும் கிடைத்தது. அதற்கும் நான்தான் காரணம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அவர் தானாக நின்றார். முதலில் இரண்டு நிமிஷம், பிறகு ஐந்து, கடைசியில் பத்து. இறங்கி உட்கார்ந்ததும் முகம் தக்காளியாகச் சிவந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். ஒரு நாள், "கொஞ்சம் மங்கலா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"ரத்தம் ஏறுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வருவார். "என்ன சொன்னாவ?" என்று கேட்டால், "அழுத்தம் சரியா இருக்காம்" என்பார். நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று.

முதலில் கவனித்தது மருமகள்தான். சாப்பிடும்போது இலையின் இடது பக்கத்தில் வைத்த தண்ணீர்த் தம்ளரை அவர் இரண்டு நாள் தட்டிவிட்டார். அடுத்து, நடையில் நிறுத்தியிருந்த சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டார். வயசானால் அப்படித்தான் என்று நான் சொன்னேன். ஒரு நாள் காலையில் படித்துறையில் இறங்கும்போது மூன்றாவது படியை விட்டுவிட்டு விழுந்தார். ஆற்றில் தண்ணீர் நிறையப் போன நாள். டீக்கடைக்காரர் எட்டிப் பிடித்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. தூக்கி உட்கார வைத்ததும், "படி இருந்துச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் கிடக்கிறது. முப்பது வருஷமாக அங்கேயே கிடக்கிற கல்படி அது.

மருமகளும் வாத்தியார்தான், அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை. "மாமா, நீங்க அப்பாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள். அதனால்தான் நான் போனேன். அதுவரை அந்த ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை.

அவர் முகத்தை ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் வைக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். புள்ளி மின்னுகிறது, மின்னுகிறது, அவர் விரல் அசையவே இல்லை. பிறகு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தத் தாளைப் படிக்க எழுத்துத் தேவையில்லை. முன்பு எடுத்த பழைய தாளில் ஒரு மூலையில் அடுப்புக்கரி தீற்றின மாதிரி இருந்தது. புதிய தாளில் இடது கண் வட்டம் முழுக்கக் கறுப்பு. வலது கண் வட்டத்தில் பாதி.

டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயசுதான் இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு இது புரியல. வரும்போதெல்லாம் அழுத்தம் நல்லா இருக்கு. சொட்டு ஒழுங்கா விடுறீங்க. அப்புறம் ஏன் இவ்வளவு வேகமாப் போகுது?" என்றார். "காலையில நடக்கீங்கல்லா?"

சம்பந்தி, "நடக்கேன்மா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்ததைச் சொல்லாமல் விடுகிறாரே என்று இருந்தது. "நடக்கது மட்டுமா?" என்றேன். "தெனமும் பத்து நிமிஷம் தலைகீழா நிக்காவ. ஒன்றரை வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. நான்தாம்மா பழக்குனேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சம்பந்தி தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைகீழா நிக்கும்போது கண் அழுத்தம் ரெண்டு மடங்கா ஏறும்ங்கய்யா" என்றார் டாக்டரம்மா.

"யாரு சொன்னா? நான் நாப்பது வருஷமா நிக்கேன். எனக்குக் கண்ணாடிகூட கெடையாது. வேணும்னா என் கண்ண அளந்து பாருங்க."

அவர் என் கண்ணில் மரத்துப் போகிற சொட்டு விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியால் தொட்டுப் பார்த்து, "பதினஞ்சு. நல்லா இருக்கு" என்றார். நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். "வேண்டாம்ங்கய்யா, இங்கன வேண்டாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துண்டைச் சுவரோரம் போட்டு ஏறி நின்றுவிட்டேன். நர்ஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அளங்கம்மா" என்றேன். டாக்டரம்மா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து என் கண்ணைத் தொட்டார். இன்னொரு தரம் தொட்டார். நர்ஸ் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"முப்பத்து மூணு. இறங்குங்கய்யா."

நான் இறங்கி உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து மறுபடி அளந்தார். பழையபடி பதினாறுக்கு வந்திருந்தது. "இதான் விஷயம்" என்றார். "இறங்கினதும் குறைஞ்சிரும். அவங்க பஸ் ஏறி இங்க வர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிரும். அதனால எனக்குத் தெரியவே தெரியாது. உங்க நரம்பு நல்ல நரம்பு, தாங்குது. அவங்க நரம்பு ஏற்கெனவே நைஞ்சது. தினமும் அந்தப் பத்து நிமிஷத்த அதால தாங்க முடியாது."

"அப்ப இதனாலதான் போச்சா?"

"இதனால மட்டும்தான்னு என்னால சொல்ல முடியாது. நோயே அப்படிப் போயிருக்கலாம். ஆனா இது சும்மா இருந்திருக்காது." பிறகு சம்பந்தியின் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "சார், மொத நாளே நான் எழுதிக் குடுத்தேனே. நடக்கலாம், மெதுவா சைக்கிள் விடலாம். மூச்சப் பிடிச்சுக் கனம் தூக்கக் கூடாது, தலைகீழா நிக்கக் கூடாது. இங்க இருக்கு பாருங்க."

தமிழில்தான் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மை கொஞ்சம் மங்கியிருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எழுதியது.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். மேலப்பாளையம் தாண்டினோம். பத்தமடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் சம்பந்தி சொல்லல?"

அவர் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மொத நாளே சொல்லணும்னுதான் நின்னேன். அதுக்குள்ள நீங்க எனக்காகத் துண்ட விரிச்சுட்டிய."

"துண்டு என்ன பெரிய துண்டு? எடுத்து எறிஞ்சிருக்கலாம்லா."

"பொண்ணக் குடுத்த வீடு, அண்ணாச்சி. அங்கன உக்காந்து சாப்பிடுதேன். உங்க வார்த்தைய எப்படித் தட்டுதது? நாளைக்கு அது எம்மவ தலையில விடியும்."

"நான் அப்படிப்பட்டவனா?"

"நீங்க இல்ல. ஆனா நான் அப்படித்தான் வளந்தேன்." அப்புறம், "டாக்டரம்மா அழுத்தம் சரியா இருக்குன்னு சொல்லும்போதெல்லாம், ஒருவேள அண்ணாச்சி சொன்னதுதான் சரியோன்னும் தோணும்" என்றார். பிறகு இதையும் சொன்னார்: "எனக்கும் ஆசதான். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது என்னை ஒரு ஆட்டத்துலயும் சேக்க மாட்டானுவ. அறுவத்தஞ்சு வயசுல பத்து நிமிஷம் நிக்கேன்னா சும்மாவா?"

அவர் என்னை ஆற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே சொன்னாரா, தெரியாது. எனக்கு ஆறவில்லை. மருமகள் எனக்குப் பயந்தவள் இல்லை, என் வீட்டில் அவள் சொல்தான் எடுபடும். அந்தத் தகப்பனுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. தெரியும்படி நான் நடந்துகொள்ளவில்லை என்றும் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மத்தியானம் இலை போடும்போது அவள் தண்ணீர்த் தம்ளரை எடுத்து அப்பாவின் வலது பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு எல்லாம் வலது பக்கம்தான்.

இப்போது இரண்டு சொட்டு மருந்து. வலது கண்ணுக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். இருக்கிற பாதியை நிறுத்தி வைக்கத்தான் அது. போனதைக் கொண்டுவர அல்ல. நான் தலைகீழாக நிற்பதை விட்டுவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, நிற்கலாம்தான். தலை தரையைத் தொட்டால் அந்த முப்பத்து மூன்று காதில் கேட்கிறது. மற்றவர்களில் சிலர் இன்னும் நிற்கிறார்கள். ஐயர் மட்டும் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்து, "பயமா இருக்கு ஓய்" என்று நிறுத்திக்கொண்டார்.

காலையில் நானும் சம்பந்தியும் நடக்கிறோம், எருமை போகிற அதே களக்காட்டு ரோட்டில். நான் அவருக்கு இடது பக்கம் நடப்பேன். மோட்டார் சைக்கிள் வந்தால் முழங்கையைத் தொடுவேன். சில நாள் நான் பக்கத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. "அண்ணாச்சி, இருக்கியளா?" என்பார். "இருக்கேன்" என்பேன். அதற்குமேல் அதிகம் பேசுவதில்லை. முக்கால் மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்கு இதற்கு முன்னால் தெரியாது.

சொந்தக்காரர்கள் கேட்டால் சம்பந்தி ஒரே பதில் வைத்திருக்கிறார். "பரம்பரை. எங்க அம்மைக்கும் கடைசியில கண்ணு போச்சு." என் பையனும் அதையே சொல்கிறான். போன மாதம் வள்ளியூரில் ஒரு கல்யாணத்தில் அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கேட்டவர் என் பக்கம் திரும்பி, "நல்லவேள, உங்கள மாதிரி ஒரு சம்பந்தி கெடச்சாவ, வச்சுப் பாத்துக்கிடுதிய" என்றார். நான் மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி என் தொடையில் கையை வைத்து அமுக்கினார். சபையில் மரியாதை காப்பாற்றுகிறாராம். என் மரியாதையைக் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் அந்த மனுஷன் கண்ணைத் தொலைத்தார். இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது ஆற்றங்கரையில் புதிதாக நடக்க வருகிறவர்கள் சேர்ந்து, தளத்தில் ஒரு கருங்கல் பலகை வைக்கப் போகிறார்கள். தளம் அமைத்தவர் என்று என் பெயரை வெட்டுவதற்குச் சம்மதம் கேட்டு வந்தார்கள். நான் சம்மதித்தேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி வேண்டும் என்றேன். கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள் இங்கே தலைகீழாக நிற்கக் கூடாது என்று ஒரு வரி. அப்படி நிற்கப் பழக்கி ஒருவர் பார்வை குறையக் காரணமாக இருந்தவரும் இவரே என்று ஒரு வரி. கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, நல்ல காரியத்துல போயி" என்றார். முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்களாம். சம்பந்திதான் அப்படிச் சொல்லிவிட்டாராம்.

அது ஒத்துவராது. நான் கட்டிய எதிலும் என் பெயரை விட்டுக்கொடுத்தவன் இல்லை நான். பாலத்தில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டதற்கே சண்டை பிடித்து மாற்ற வைத்தேன். தளம் போட்டது நான். அதில் அவர் காலைப் பிடித்து நிறுத்தியதும் நான். நோய் பாதி என்றால் பாதி, கால்வாசி என்றால் கால்வாசி. மிச்சம் என் பங்கு. பரம்பரை மேலும் வயசு மேலும் போட்டு என் பங்கை யாரும் மறைக்க வேண்டாம். இரண்டையும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் வெட்ட வேண்டும்.